எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஞானம் வந்த வரலாறு

உலகத்தின் துக்கத்தைப் போக்கும் பொறுப்பு வெகுகாலம் போதிமரத்தடியிலேயே கிடந்தது. அங்கே அதற்குப் போதிய மின்வசதி இல்லை. ஆகவே இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் அந்தப் பொறுப்பை ஓசூர் சிப்காட்டில், பழைய டயருக்குப் புதுத் தோல் போடும் கம்பெனிக்கும் பிஸ்கட் குடோனுக்கும் நடுவே இருந்த எங்கள் 'போதி மோஷன் சிஸ்டம்ஸ்' ஏற்றுக்கொண்டது. அந்த மகத்தான பணியில் நானும் இருந்தேன். ஸ்டிக்கர் ஒட்டினேன்.

எங்கள் தயாரிப்பு, மின்சார ஜபச் சக்கரம். திபெத்திய பௌத்தர்கள் மந்திரம் வைத்த ஓர் உருளையைக் கையால் வலமாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் மந்திரத்தை ஒருமுறை சொன்னதற்குச் சமம். இதிலிருந்த பெருங்குறையை இத்தனை நூற்றாண்டுகளில் எங்கள் எம்.டி. கிரிதர் சார் ஒருவர்தான் கண்டுபிடித்தார். கையால் சுற்றினால் கை வலிக்கும். வலி என்பது துக்கம். துக்கத்தை ஒழிக்கச் சொன்னவரின் பெயரால் கை வலிக்கலாமா? ஆகவே மோட்டார் வைத்தார்.

டீலக்ஸ் மாடலில் சிவப்பு விளக்கு எரியும். கம்ப்யூட்டரில் செருகும் மாடலும் உண்டு. செருகிவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்கலாம். பாவமான வேலையாக இருந்தாலும் பரவாயில்லை. அது தன்பாட்டுக்குக் கழித்துக்கொண்டிருக்கும்.

பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு சக்கரமும் டெஸ்ட் ராக்கில் ஒரு பகலும் ஓர் இரவும் சுற்ற வேண்டும். சுவர் நீளத்துக்கு வரிசை வரிசையாக அவை சுற்றிக்கொண்டிருக்கும்போது உண்டாகும் புண்ணியம் யாருக்குச் சேரும் என்று ஒருமுறை கேள்வி எழுந்தது. எம்.டி. தெளிவுபடுத்தினார். விற்பனைக்கு முன் உண்டாகும் புண்ணியம் கம்பெனியின் சொத்து. ஆனாலும் பெருந்தன்மையாக அதில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலத் திட்டங்களில் சேர்த்தார். பஸ் வசதி, கேண்டீனில் பாதி விலைச் சாப்பாடு, புண்ணியம். பஸ் மட்டும் ஒழுங்காக வந்தது.

தியானமும் உண்டு. அந்த வருடம் தினமும் காலையில் கரண்ட் போகும். பக்கத்துக் கம்பெனிகளில் கரண்ட் போனால் ஜனங்கள் சும்மா உட்கார்ந்து வம்பு பேசி ஆயுளை வீணாக்கினார்கள். எங்கள் கம்பெனியில் கரண்ட் போனதும் அத்தனை பேரும் கண்ணை மூட வேண்டும். ஜெனரேட்டர் கிளம்பும்வரை 'விழிப்புணர்வு நேரம்'. மின்வாரியம் எங்களுக்குத் தந்த ஞானம் அது. யாராவது கண்ணைத் திறக்கிறார்களா என்று பார்க்க சூப்பர்வைசர் விஜயகுமார் சார் மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். ஞானம் அடைய வாய்ப்பே இல்லாத ஒரே ஆள் அவர்தான். அந்தத் தியாகத்துக்காக அவருக்குத் தனி மேஜை கொடுத்திருந்தார்கள்.

ஜெனரேட்டர் கிளம்பியதும் ஸ்பீக்கரில் எம்.டி.யின் பதிவு செய்த குரல் வரும்.

"உள்ளே வரும் காற்றைக் கவனியுங்கள். அது எப்படி இருக்கிறது?"

கவனித்தோம். கறுப்பாக இருந்தது.

அதற்குக் காரணம் எக்ஸாஸ்ட் ஃபேன். சால்டரிங் செய்யும் அறையில் ஈயம் உருகும் புகையை வெளியே தள்ளுவதற்காகச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பெரிய ஃபேன் வைத்திருந்தார்கள். மின்வாரியத்தின் கரண்டில் அது ஒழுங்காக வேலை செய்யும். ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அப்படிச் சுற்றினால் உள்ளே இருக்கும் புகை வெளியே போகாது. வெளியே சுவருக்குப் பின்னால் நிற்கும் ஜெனரேட்டரின் டீசல் புகையும் சேர்ந்து உள்ளே வரும்.

"கரண்ட் ஃபேஸ் மாறிப் போச்சும்மா," என்றார் எலெக்ட்ரீஷியன் கரியப்பண்ணன். குருபரப்பள்ளிக்காரர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். "ஜெனரேட்டர்ல ரெண்டு வயர மாத்திப் போட்டா தீந்துது. டீ ஆறதுக்குள்ள முடிச்சிருவேன்."

"அப்போ மாத்துண்ணா," என்றாள் நாகம்மாக்கா.

"வொர்க் ஆர்டரு? அது இல்லாம நான் ஒரு ஸ்க்ரூவத் தொட்டாக்கூட என் கணக்க முடிச்சிருவாங்க."

நாகம்மாக்கா ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து சால்டரிங் செய்தாள். ஜவளகிரிப் பக்கத்துக்காரி. யானை இரண்டு போகம் ராகியைத் தின்று மிதித்துப் போட்டபிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வந்தவள். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் திட்டுவாள். அந்த மார்கழியிலிருந்து மூன்றிலும் இருமத் தொடங்கினாள்.

வொர்க் ஆர்டர் வாங்க அவளே போனாள். விஜயகுமார் சார் அதற்குரிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"காரணம் என்னாம்மா போடறது? மூணுதான் இருக்குது. உற்பத்தி இழப்பு, இயந்திரச் சேதம், தர்மப் பிழை."

"இருமல் சார்."

"அது எதுல வரும்?"

"நெஞ்சுல வருது சார்."

"இந்த மூணுல எதுல வரும்னு கேக்கறேன். இருமினதுனால உன் பீஸ் குறைஞ்சிருக்குதா?"

"இல்லியே. இருமிக்கினே போட்டுட்டேன்."

"அப்போ உற்பத்தி இழப்பு இல்ல. ஃபேன் சுத்துதா?"

"சுத்துது. உல்டாவா."

"சுத்துதில்ல? அப்போ சேதம் இல்ல." அவர் பேனாவை மூடினார். அவருடைய வருத்தம் உண்மையானது. "நீ கொஞ்சம் கம்மியா பீஸ் போட்டிருக்கணும் நாகம்மா. நல்லாப் பண்ணி உன்னையே நீ கெடுத்துக்கினே."

மூன்றாவது காரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி தொடங்கிய புதிதில், ஒரு லாட் சக்கரங்களில் யாரோ சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றி வைத்துவிட்டார்கள். அவை இடமாகச் சுற்றின. பௌத்தத்தில் அது ஆகாது; ஏறிய புண்ணியம் இறங்கிவிடும் என்றார்கள். மைசூருக்கு அந்தப் பக்கம் பைலகுப்பேயில் இருக்கும் திபெத்தியக் குடியிருப்பிலிருந்து போன் வந்தது. எம்.டி. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். லைன் நின்றது. லாரியைச் சூளகிரியில் மறித்துத் திருப்பினார்கள். அன்று சாயங்காலமே ஒரு விதி பிறந்தது. தினமும் காலையில் நாங்கள் கைகூப்பி அதை ஒப்பிக்க வேண்டும்:

"மந்திரம் தாங்கிய எதுவும் கம்பெனி வளாகத்துக்குள் இடமாகச் சுற்றினால் அது தர்மப் பிழை. அதை ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். காரணம் கேட்கக் கூடாது."

அதன்பிறகு கேண்டீனில் சாம்பாரைக்கூட வலமாகத்தான் கிளறினார்கள். ருசி அப்படியேதான் இருந்தது.

நாகம்மாக்காவின் இருமல் வளர்ந்தது. 'விழிப்புணர்வு நேரத்தில்' எல்லோரும் அமைதியாக இருக்கும்போது அது மட்டும் தனியாகக் கேட்டது. ஒருநாள் எம்.டி. நேரில் வந்து அவள் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவு எளிமையான மனிதர்.

"இருமல் வரும்போது நீங்க என்ன பண்றீங்க?"

"இருமறேன் சார்."

"அதான் தப்பு. அதை எதிர்க்காதீங்க. வெறுமனே பாருங்க. 'ஓ, இருமல் வருது', 'ஓ, இருமல் போகுது'. அவ்ளோதான்."

"வருது சார். போகலியே."

"போகணும்னு ஆசைப்படறீங்க பாருங்க, அந்த ஆசைதான் துக்கத்துக்குக் காரணம்."

"ஃபேன உல்டா பண்ணாப் போயிரும்னு கரியப்பண்ணன் சொல்றாரு சார்."

எம்.டி. சிரித்தார். "ஃபேன் வெளியில இருக்கு. பிரச்சினை உள்ள இருக்கு."

இதை நாகம்மாக்கா ஒத்துக்கொண்டாள். உள்ளேதான் இருந்தது, எக்ஸ்ரேயில் தெரிந்தது.

தை மாதம் அறிவிப்பு வந்தது. பைலகுப்பேயிலிருந்து ஒரு லாமா கம்பெனியைப் பார்வையிட வருகிறார். அவர் சரி என்றால் பெரிய ஆர்டர். வருகையன்று இருமுகிறவர்கள் ஸ்டோர் ரூமில் இருக்க வேண்டும். மாதம் முடிந்ததும் இருமுகிறவர்களின் காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது. அவர்கள் 'இயற்கையான சூழலில் ஓய்வெடுக்க' அனுப்பப்படுவார்கள். இருமுகிறவர்கள் என்று மரியாதையாகப் பன்மையில் போட்டிருந்தாலும் ஒரே ஆள்தான்.

அன்று பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தளி ரோட்டில் ஒரு கான்வென்டில் சேர்த்திருந்தாள்.

"இயற்கையான சூழலாம். அங்க யான நிக்குது புள்ள. அதுங்களே இயற்கை வேணாம்னு ஊருக்குள்ள வருது." இருமினாள். "நெலத்துல இன்னா இருக்குதுன்னு போறது? இவன் படிப்பு என்னாவறது?"

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது.

"ஏன் புள்ள, அந்தச் சக்கரமும் உல்டா சுத்துனுது, இந்த ஃபேனும் உல்டா சுத்துது. அதுக்கு லாரிய மறிக்கிறாங்க. இதுக்கு ஏன் ஒரு ஸ்க்ரூட்ரைவர்கூட வரமாட்டேங்குது?"

"அதுல மந்திரம் இல்லக்கா," என்றேன்.

அவள் இருமலை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பத்தலப்பள்ளி நிறுத்தம்வரை பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "நீ இன்னா வேல பாக்கற?" என்றாள், தெரியாதவள்போல.

மறுநாள், அதாவது லாமா வருவதற்கு முதல்நாள், காலையில் கரண்ட் போயிற்று. எல்லோரும் கண்ணை மூடினார்கள். அன்றைக்கு ஜெனரேட்டர் என்னவோ கிளம்பவே மாட்டேன் என்றது. கேண்டீனில் நாகம்மாக்கா கரியப்பண்ணனுக்குத் தன் பங்கு வடையைக் கொடுத்ததை நான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். வெளியே "கர்... கர்..." என்று அது முக்குவதைக் கேட்டு, விஜயகுமார் சார் கோபமாக எழுந்து போனார்.

நான் மேஜைமேல் ஏறினேன். என் கையில் கோணலாக அச்சான, குப்பைக்குப் போக வேண்டிய தங்கநிறப் பெரிய ஸ்டிக்கர்கள். திபெத்திய எழுத்தில் அதே மந்திரம். முழங்காலை நாகம்மாக்கா கட்டிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மட்டும் திறக்கவில்லை. விதி விதிதான்.

"சீக்கிரம் புள்ள. வட ரொம்ப நேரம் தாங்காது."

இறக்கைகள் முழுக்கக் கரிப் பிசுக்கு. முந்தானையால் துடைத்துத் துடைத்து ஒட்டினேன். கடைசி இறக்கையில் கை இருக்கும்போது வெளியே ஜெனரேட்டர் இருமுவது கேட்டது. கையை இழுத்துக்கொண்டேன். இறக்கை என் விரல் இருந்த இடத்தைக் கடந்து போயிற்று. கீழே இறங்கி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக எம்.டி. சொன்னபடி மூச்சைக் கவனித்தேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் அந்த ஃபேனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் இந்த வரலாறே இல்லை.

லாமா வந்தார். பெரிய தாடி, தேஜஸ் என்று எதிர்பார்த்திருந்தோம். அவர் மெரூன் துணிக்குள் இரண்டு செல்போன் வைத்திருந்த, குண்டான, வியர்த்துப்போன மனிதர். பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர்ப் பக்கம்தான். துறவுக்கு முன்னால் சிறுவயதில் அண்ணனோடு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டர் விற்றிருக்கிறாராம். எம்.டி. இங்கிலீஷில் சூனியத் தத்துவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வர, அவர் ஒவ்வொரு சக்கரமாக எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "கியாரண்டி எஷ்டு வர்ஷ?" என்று, எத்தனை வருஷம் என்பதைக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே வந்தார். எம்.டி.க்கு அது புரியவில்லை. கியாரண்டி என்பது மட்டும் புரிந்து, முகம் கொஞ்சம் வாடியது.

அவர்கள் சால்டரிங் அறைக்குள் நுழைந்தபோது கரண்ட் போயிற்று.

ஃபேன் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நின்றது. கதவு வழியாக வந்த வெயிலில் நான்கு இறக்கைகளிலும் தங்க எழுத்துகள் பளபளத்தன. லாமா அண்ணாந்து பார்த்தார். கைகூப்பினார்.

"அரே! இஷ்டு தொட்டது! இதன்னூ நீவே மாடிதீரா?" இவ்வளவு பெரியதையும் நீங்களே செய்தீர்களா என்று கேட்டார். ஆள் உருகிப் போய்விட்டார்.

எம்.டி. அண்ணாந்து பார்த்தார். ஒரு கணம் அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பெரிய மனிதர்கள் பெரிய மனிதர்களாவது அந்த ஒரு கணத்துக்குள்தான்.

"யெஸ்," என்றார். "எங்க புது மாடல். இன்டஸ்ட்ரியல் சைஸ். காற்றின் வழியா நாலு திசைக்கும் கருணை. என்னோட பல வருஷக் கனவு."

விஜயகுமார் சார் உட்பட அனைவரும் கைதட்டினோம்.

வெளியே ஜெனரேட்டர் கிளம்பியது. எம்.டி.யின் பல வருஷக் கனவு ஒருமுறை நடுங்கி, தயங்கி, பிறகு இடமாகச் சுற்றத் தொடங்கியது. சுற்றச் சுற்றக் கரும்புகை உள்ளே வந்தது.

லாமாவின் கூப்பிய கை இறங்கியது.

"இது யாக்கே உல்டா திருக்தா இதெ?"

ஏன் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது என்று கேட்டார். ஸ்பீக்கர் மட்டும், "உள்ளே வரும் காற்றைக் கவனியுங்கள்," என்றது. லாமா கவனித்தார். இருமினார். நன்றாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார். 'ஓ, இருமல் வருது' என்று அவரிடம் சொல்ல எம்.டி.க்கு நா எழவில்லை. ஸ்டோர் ரூமிலிருந்து பதிலுக்கு இன்னொரு இருமல் கேட்டது.

"தர்மப் பிழை!" என்று அலறினார் எம்.டி. "தர்மப் பிழை! கரியப்பன் எங்க?"

கரியப்பண்ணன் கதவுக்குப் பின்னாலேயே நின்றார், கையில் ஸ்பேனரோடு. "வொர்க் ஆர்டரு சார்?"

"காரணம் கேக்கக் கூடாதுய்யா! மாத்து!"

ஜெனரேட்டர் நின்றது. இரண்டு வயர் இடம் மாறியது. அவர் சொன்னது சரிதான். லாமாவுக்கு வைத்த டீ ஆறவில்லை. ஃபேன் வலமாகச் சுற்றியது. அறைக்குள் நின்ற புகை, இத்தனை மாதமாக வழி தெரியாமல் இருந்ததுபோல, ஒரே மூச்சில் வெளியே போயிற்று.

ஆர்டர் கிடைத்தது. அந்த ஃபேனையும் கேட்லாக்கில் சேர்த்தார்கள். அதற்குத் தினமும் செவ்வந்திப்பூ மாலை. ஓடத் தொடங்கியதும் அது மூன்று மேஜைகளுக்கு அப்பால் விழும். மறுநாள் காலைக் கூட்டத்தில் எம்.டி. கண்கலங்கப் பேசினார்.

"இவ்வளவு பெரிய சக்கரம் ஒருநாள் இடமாச் சுத்தினாலே எவ்வளவு புண்ணியம் போயிருக்கும்! நினைச்சா நெஞ்சு அடைக்குது."

நெஞ்சு அடைப்பதைப் பற்றி எங்களுக்கும் கொஞ்சம் தெரியும். ஆனால் அது கேள்வி நேரம் அல்ல. ஸ்டிக்கர் எப்படி வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. தன் கனவை யார் ஒட்டினார்கள் என்று அவரே எப்படிக் கேட்பார்?

மாதக் கடைசியில், காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாதவர் பெயர் நோட்டீஸ் போர்டில் வந்தது. எஸ். நாகம்மா. ஃபேனைச் சரிசெய்துவிட்டார்களே என்றால், ஃபேனைத்தான் சரிசெய்தார்கள். அவள் காண்ட்ராக்ட் அதில் வரவில்லை.

மறுநாள் காலை ஷிப்டுக்கு நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, கேட்டுக்குள் புல்தரையில் இருந்த புத்தர் சிலையை நாகம்மாக்கா சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பெனி கொடுத்த நீலக் கோட்டின் முதுகில் தங்கநிற ஸ்டிக்கர். முந்தின நாள் என்னிடம் ஒன்று கேட்டு வாங்கியிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அவள் இடமாகச் சுற்றினாள்.

விஜயகுமார் சார் சாப்பாட்டுப் பையோடு ஓடி வந்தார்.

"நாகம்மா! இன்னா பண்ற? வலமாச் சுத்தும்மா! லாமா ஆபீஸ்லருந்து ஆளுங்க ஆர்டர் சரக்கப் பாக்க வர நேரம்!"

"நீங்கதான சார் தெனமும் சொல்லச் சொன்னீங்க? மந்திரம் தாங்கிய எதுவும்." அவள் நிற்கவில்லை. "தாங்கிக்கினு இருக்கறேன். இடமாச் சுத்தறேன். ஒரு மணி நேரத்துல சரி பண்ணுங்க."

"ஸ்டிக்கர எடும்மா!"

"எடுக்கறதுக்கு எந்த விதியில எழுதியிருக்குது?"

அவர் யோசித்தார். எழுதியிருக்கவில்லை.

"என்னாதான் வேணும் ஒனக்கு? ஏன் இப்படி?"

"காரணம் கேக்கக் கூடாது சார்."

எம்.டி.யின் கார் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி வரும்போதே அவருக்குப் போன் போயிற்று. கேட்டில் திபெத்தியர்களின் ஜீப்பும் அவருடைய காரும் ஒரே நேரத்தில் திரும்பியது அவர் செய்த பூர்வ புண்ணியமாக இருக்கலாம். புதிய காண்ட்ராக்ட் காரின் பானெட் மேலேயே கையெழுத்தானது. நாகம்மாக்கா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பி, மிகுந்த பக்தியோடு வலமாக ஒரு சுற்று வந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் கைகூப்பினார்கள்.

எங்கள் கம்பெனியில் தொழிலாளர்களை மனிதர்களாக மதிப்பதில்லை என்று வெளியே சிலர் பேசுகிறார்கள். அது அப்பட்டமான பொய். அங்கே யாருக்கு மூச்சு முட்டினாலும் ஒரு மணி நேரத்துக்குள் கவனிப்பார்கள். காரணம்கூடக் கேட்க மாட்டார்கள். அவரை ஒரு பொருள் என்று முதலில் நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் நான் இன்னமும் அங்கே ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். கோணலாக அச்சானவற்றை இப்போதெல்லாம் குப்பையில் போடுவதில்லை.